நாட்களைப் பகுத்தளிப்பவர்: லைன் புரொட்யூசர் பணி குறித்த ஒரு மறுப்பு

திரைப்படத் தயாரிப்பில் லைன் புரொட்யூசர் எனப்படுபவர் செலவைப் பிடித்து நிறுத்துவதற்காக அமர்த்தப்படும் கணக்குக் காவலர் என்றும், இயக்குநர் கேட்பதில் பாதியை மறுப்பதிலேயே அவருடைய திறமை அடங்கியிருக்கிறது என்றும், படம் எவ்வளவு குறைந்த தொகையில் முடிகிறதோ அவ்வளவுக்கு அவர் தம் கடமையைச் சரிவரச் செய்தவர் என்றும் ஒரு கருத்து திரைத்துறைக்குள்ளும் அதைக் கூர்ந்து கவனிப்பவர்களிடத்தும் வேரூன்றியிருக்கிறது. கதை, இயக்கம், நடிப்பு, ஒளிப்பதிவு, இசை ஆகியவற்றோடு படைப்பு முடிந்துவிடுகிறது என்பதும், வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்பவர்களுக்கு அதில் பங்கேதும் இல்லை என்பதும் இக்கருத்தோடு ஒட்டிப் பிறந்த துணைமுடிவுகள். இந்தப் பார்வை தவறானது. அதனால் விளையும் தீங்கும் பெரிது. படங்கள் பாதியில் நிற்பதற்கும், வட்டி ஏறித் தயாரிப்பாளர்கள் நொடித்துப்போவதற்கும், படப்பிடிப்புத் தளத்தில் தொழிலாளர்கள் உயிரிழப்பதற்கும் இது ஒரு காரணமாக இருந்து வருகிறது.

முதலில் பணி இன்னதென்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பட்ஜெட்டின் முதற்பக்கச் சுருக்கத்தில் ஒரு கோடு இழுக்கும் வழக்கம் அமெரிக்கப் படநிறுவனங்களில் தோன்றியது. கோட்டுக்கு மேலே கதை உரிமை, தயாரிப்பாளர், இயக்குநர், முதன்மை நடிகர்கள் ஆகியோருக்கான தொகைகள் நிற்கும். இவை படப்பிடிப்பு தொடங்கும் முன்பே பேசி முடிக்கப்பட்டவை, நாள் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் மாறாதவை. கோட்டுக்குக் கீழே கேமரா, விளக்கு, அரங்க அமைப்பு, உடை, ஒப்பனை, போக்குவரத்து, தங்குமிடம், உணவு, ஜெனரேட்டர், தொழிலாளர் சம்பளம், பேட்டா, படத்தொகுப்பு என்று எண்ணற்ற இனங்கள் வரும். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் போகும் இந்தப் பகுதி முழுவதற்கும் பொறுப்பேற்பவரே லைன் புரொட்யூசர். பணம் திரட்டுவதும் உரிமைகளை வாங்குவதும் தயாரிப்பாளரின் வேலை. வகுத்த ஏற்பாட்டை அன்றாடம் நிறைவேற்றுவது புரொடக்‌ஷன் மேனேஜரின் வேலை. தளத்தில் நேரத்தை நடத்துவது முதல் உதவி இயக்குநரின் வேலை. திரைக்கதையைக் கையில் வாங்கிய நாள் தொடங்கிக் கடைசி பில் அடைபடும் வரை, எதை எப்போது எங்கே எத்தனை நாளில் எடுப்பது என்பதை வகுத்து, அந்த வகுப்புக்குத் தாமே பதில் சொல்பவர் லைன் புரொட்யூசர். சிறிய படங்களில் இப்பணிகள் ஒருவரிடமே குவிவதும் உண்டு. அமெரிக்காவில் இயக்குநர்களின் நலனுக்காக இயங்கும் டைரக்டர்ஸ் கில்டு ஆஃப் அமெரிக்கா என்னும் சங்கத்தில் உதவி இயக்குநர்களோடு யூனிட் புரொடக்‌ஷன் மேனேஜர்களும் உறுப்பினர்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தயாரிப்பு நிர்வாகம் இயக்குநருக்கு இயல்பாகவே பகையானது என்ற எண்ணம் உண்மையாக இருந்திருந்தால், இயக்குநர்களின் சங்கம் அந்நிர்வாகத்தைச் செய்பவர்களைத் தன் உறுப்பினர்களாக வைத்துக்கொண்டிருக்காது.

பட்ஜெட்டில் இழுக்கப்படும் கோடு கணக்கு எழுதுவதற்கான ஒரு வசதி மட்டுமே. கோட்டுக்கு மேலே படைப்பும் கீழே கூலியும் இருப்பதாக நினைப்பவர்கள், திரைக்கதை எந்த வழியாகப் படமாகிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். எழுதி முடிந்த திரைக்கதையை லைன் புரொட்யூசரும் முதல் உதவி இயக்குநரும் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் பக்கத்தின் எட்டில் ஒரு பங்கு என்ற அளவால் அளந்து, அதில் வரும் நடிகர், துணை நடிகர், பொருள், வாகனம், விலங்கு, ஆடை, சிறப்பு ஏற்பாடு ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கிறார்கள். பின்னர் காட்சிக்கு ஒரு பட்டை என்ற கணக்கில் அவற்றை ஒரு பலகையில் அடுக்குகிறார்கள். பகல் உட்புறக் காட்சிக்கு வெள்ளை, பகல் வெளிப்புறத்துக்கு மஞ்சள், இரவு உட்புறத்துக்கு நீலம், இரவு வெளிப்புறத்துக்குப் பச்சை என்று நிறம் ஒதுக்குவது வழக்கம். அட்டைப் பட்டைகள் இருந்த இடத்தில் இன்று கணினி மென்பொருள் இருக்கிறது. செய்யும் வேலை மாறவில்லை. பட்டைகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கும்போதுதான் படத்தின் உருவம் பற்றிய முதல் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். திருவையாற்றுக் காவிரிக் கரையில், அந்தி நேரத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி யானைக்கு வாழைப்பழம் கொடுக்கிறாள் என்று திரைக்கதையில் மூன்று வரிகள் இருப்பதாகக் கொள்வோம். அளவில் அது பக்கத்தின் எட்டில் ஒரு பங்குதான். ஆற்றில் நீர் வேண்டுமானால் மேட்டூர் அணை திறந்திருக்க வேண்டும். வழக்கப்படி அது ஜூன் 12, ஆனால் எல்லா ஆண்டுகளிலும் அந்த நாளில் திறக்கப்படுவதில்லை. அந்தி வெளிச்சம் ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி குழந்தை நடிகர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேலோ பணிபுரியக் கூடாது. மாவட்ட நடுவரின் அனுமதி பெற வேண்டும். ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். யானையைப் படத்தில் காட்டுவதற்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. இத்தனையும் கூடும்போது எழும் கேள்வி செலவைப் பற்றியதன்று. ஒரே அந்தியில் மூன்று கேமராக்களை வைத்து எடுப்பதா, மூன்று அந்திகளில் ஒரே கேமராவால் எடுப்பதா என்பதே கேள்வி. முதல் வழியில் சிறுமியின் முகத்தில் தோன்றும் அச்சமும் வியப்பும் ஒரே முறை நிகழ்ந்தபடி பதிவாகும். ஆனால் மூன்று கேமராக்களுக்கும் பொருந்தும்படி ஒளி அமைக்க வேண்டியிருப்பதால் ஒளிப்பதிவாளர் சிலவற்றை விட்டுக்கொடுக்க நேரும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு சட்டகமும் செறிவாக அமையும். ஆனால் மூன்றாம் நாள் அச்சிறுமிக்கு யானை பழகிப்போயிருக்கும். இந்தத் தெரிவைச் சொல்லி இயக்குநரின் முன் வைப்பவர் லைன் புரொட்யூசர். அவர் அதை இரண்டு மாதம் முன்பே வைத்தால் அது கலைத் தீர்மானம். அன்று மாலை ஐந்தரை மணிக்கு ஆற்றங்கரையில் வைத்தால் அது வெறும் நெருக்கடி.

நாட்களைப் பகுத்தளிப்பது எந்த அளவுக்குப் படைப்புச் செயல் என்பதற்கு ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ தயாரிக்கப்பட்ட விதம் தெளிவான சான்று. 1960-ல் வெளியான அந்தப் படத்துக்கு எட்டு லட்சம் டாலருக்குச் சற்று மேலாகவே செலவானது; அவருடைய முந்தைய வண்ணப் படங்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைந்த தொகை. பாரமவுண்ட் நிறுவனம் தயங்கியதால் தம் சொந்தப் பொறுப்பில் படத்தை எடுத்த ஹிட்ச்காக், விரைந்து வேலை செய்யப் பழகியிருந்த தம்முடைய தொலைக்காட்சித் தொடரின் குழுவை அமர்த்திக்கொண்டு, படத்தின் பெரும்பகுதியைத் தொலைக்காட்சியின் வேகத்திலேயே எடுத்து முடித்தார். அதே படத்தில், முக்கால் நிமிட அளவே ஓடும் குளியலறைக் கொலைக்காட்சிக்கு 1959 டிசம்பரில் ஏழு நாட்கள் ஒதுக்கப்பட்டன. ‘சைக்கோ’ சிக்கனமாக எடுக்கப்பட்ட படம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவோர் இந்த ஏழு நாட்களைக் கணக்கில் கொள்வதில்லை. உரையாடல் காட்சிகளில் மிச்சப்பட்ட நேரம் தயாரிப்பாளரின் பைக்குத் திரும்பாமல் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காட்சியின் ஆற்றலுக்குப் படத்தொகுப்பும் இசையும் காரணம் என்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. தொகுப்பதற்கு அத்தனை துண்டுகள் கிடைத்ததே அந்த நாள் ஒதுக்கீட்டால்தான் என்பதை மிகச் சில நூல்களே சொல்கின்றன.

செலவைக் குறைப்பவரே நல்ல லைன் புரொட்யூசர் என்ற வாதம், அது தன் வலிமையாகக் கருதும் கணக்கிலேயே தோற்றுப்போகிறது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை தனியார் ஃபைனான்ஸியர்களிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கப்படுகின்றன. 20 கோடி ரூபாய்க் கடனுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 40 லட்சமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 33 ஆயிரமும், கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெளியே போய்க்கொண்டிருக்கும். இதற்கு எதிராக, 150 பேர் கொண்ட யூனிட்டில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வீதம் சாப்பாட்டில் பிடித்து, அறுபது நாள் படப்பிடிப்பு முழுவதும் அந்தச் சிக்கனத்தைக் கடைப்பிடித்தாலும் மிஞ்சுவது நான்கரை லட்சம். அது நான்கு நாள் வட்டிக்கும் போதாது. ஒரு முக்கிய நடிகரின் கால்ஷீட்டோடு, அதாவது அவர் ஒப்புக்கொண்ட நாட்களோடு, அரங்கம் கட்டி முடியும் நாளைப் பொருத்தாமல் விட்டதால் எட்டு வாரம் தள்ளிப்போகும் படமோ, விட்டுப்போன துண்டுக் காட்சிகளுக்காகப் பேட்ச் ஒர்க் என்ற பெயரில் மீண்டும் யூனிட்டைக் கூட்ட வேண்டிவரும் படமோ இழக்கும் தொகைக்கு முன் சாப்பாட்டில் பிடித்த காசு ஒரு பொருட்டே இல்லை. யூனிட்டின் இலையில் கைவைப்பவரைக் கெட்டிக்காரர் என்று பாராட்டும் தயாரிப்பாளர், தம் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவில்லை.

செலவை வெட்டுவதும் தயாரிப்பை வகுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தின் வரலாறு காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் பாலைவனத்தில் பெருமழை பெய்து நிலம் பச்சையாகிப் பூத்துவிட்டதால் படப்பிடிப்பு நமீபியாவுக்கு மாற்றப்பட்டு 2012-ல் நடந்தது. நாட்கள் நீண்டதைக் கண்ட ஸ்டுடியோ நிர்வாகம், கதையின் தொடக்கமும் முடிவும் நிகழும் கோட்டைக் காட்சிகள் எடுக்கப்படும் முன்பே படப்பிடிப்பை முடித்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. தலையும் காலும் இல்லாத படத்தை வெளியிட முடியாது என்பதால், நிர்வாகம் மாறிய பின் 2013-ல் சிட்னியில் யூனிட் மீண்டும் கூடி அக்காட்சிகளை எடுத்தது. கணக்கேட்டில் வெட்டப்பட்ட செலவு படத்திலிருந்து வெட்டுப்படவில்லை; காலம் கடந்து, இன்னொரு நாட்டில், மறுபடியும் தொடங்கும் செலவோடு சேர்ந்து திரும்பி வந்தது.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வரலாம். உலகின் சிறந்த படங்கள் பல திட்டத்தை மீறி, காலம் கடந்து, பணத்தை விழுங்கிப் பிறந்தவை என்றும், கண்டிப்பான லைன் புரொட்யூசர் ஒருவர் இருந்திருந்தால் அவை பிறந்தே இருக்கமாட்டா என்றும் சொல்லப்படுகிறது. இதற்கு முதலில் எடுத்துக்காட்டப்படும் படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’. 1974-ல் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் 55 நாட்களில் முடிக்கத் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாட்கள் நீண்டது; நாற்பது லட்சம் டாலராக இருந்த மதிப்பீடு தொண்ணூறு லட்சமானது. இயந்திரச் சுறா வேலை செய்யாமல் போனதால் அதை மறைத்தே காட்ட வேண்டியிருந்தது என்பதும், அந்த மறைப்பே படத்தின் அச்சத்தைப் பெருக்கியது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சுறா ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் படம் வேறாகத் தெரிகிறது. நடிகர் சங்கத்தின் ஒப்பந்தம் ஜூன் இறுதியில் முடிந்து வேலைநிறுத்தம் வரக்கூடும் என்ற அச்சத்தில், திரைக்கதை முழுமையாகத் திருந்தும் முன்பே, உப்புநீர் தன் பொறியமைப்பை என்ன செய்யும் என்று போதிய அளவுக்குச் சோதிக்கப்படாத ஓர் இயந்திரத்தோடு, யூனிட் கடலுக்குள் இறக்கப்பட்டது. அங்கே நடந்தது தயாரிப்புத் திட்டமிடலின் தோல்வி. அதிலிருந்து படத்தை மீட்டவர்கள் இயக்குநரும், படத்தொகுப்புக்காக ஆஸ்கர் விருது பெற்ற வெர்னா ஃபீல்ட்ஸும். அவர்களின் திறமைக்கு உரிய புகழைத் திட்டமின்மையின் கணக்கில் வரவு வைப்பது அவர்களுக்கும் நியாயமாகாது. சோதிக்காத இயந்திரங்களோடு கடலுக்குப் போய், மீட்க ஆளின்றி, பெயர்கூட நினைவில் இல்லாமல் மூழ்கிய படங்கள் இந்த வாதத்தில் ஒருபோதும் எண்ணப்படுவதில்லை; பிழைத்தவற்றை மட்டும் எண்ணிச் செய்யும் வாதம் எதையும் நிறுவாது.

‘ஹெவன்ஸ் கேட்’ படத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 1979 ஏப்ரலில் மான்டானா மாநிலத்தில் படப்பிடிப்பு தொடங்கி ஆறு நாட்கள் ஆனபோதே படம் ஐந்து நாள் பின்தங்கியிருந்தது. ஒரு கோடியே பதினாறு லட்சம் டாலராகத் தொடங்கிய மதிப்பீடு நான்கு கோடியே நாற்பது லட்சத்தை எட்டியது. 1981-ல், படத்துக்குப் பணம் போட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தை அதன் தாய் நிறுவனம் கைகழுவி எம்.ஜி.எம்.மிடம் விற்றுவிட்டது. கட்டி முடித்த தெரு ஆறடி அகலம் போதவில்லை என்றபோது ஒரு பக்கத்துக் கட்டடங்களைப் பிரித்து ஆறடி தள்ளி வைக்கலாம் என்று அரங்க அமைப்பாளர் சொன்னதாகவும், இருபக்கமும் மூன்றடி தள்ள வேண்டும் என்று இயக்குநர் மைக்கேல் சிமினோ வலியுறுத்தியதால் தெரு முழுவதும் பிரித்துக் கட்டப்பட்டதாகவும் பதிவாகியிருக்கிறது. வழக்கமாக இந்த வரலாறு ஓர் இயக்குநரின் ஆணவக் கதையாகச் சொல்லப்படுகிறது. கவனிக்க வேண்டியது வேறு. ஆறாம் நாளிலேயே அன்றாடத் தயாரிப்பு அறிக்கை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தெருவை நகர்த்த இரண்டு வழிகள் உண்டு என்பது தளத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தகவலுக்குப் பஞ்சமில்லை. அத்தகவலை வைத்து இயக்குநரோடு சமமாக அமர்ந்து, இந்தத் தெருவுக்குப் போகும் பணம் எந்தக் காட்சியிலிருந்து எடுக்கப்படும் என்று கேட்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. லைன் புரொட்யூசர் பணியைச் செலவுக் குறிப்பு எழுதும் வேலையாகச் சுருக்கினால், குறிப்பு சரியாக எழுதப்பட்டிருக்கும்போதே நிறுவனம் மூழ்கும் என்பதை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் காட்டிவிட்டது.

பொறுத்திருந்து எடுத்த படங்களுக்குச் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ மேற்கோளாகக் காட்டப்படுகிறது. 1952-ல் தொடங்கிய அப்படம், பணம் தீரத் தீர நின்று, மேற்கு வங்க அரசின் உதவியோடு 1955-ல் நிறைவேறியது. நாணல் பூத்த வெளியில் அபுவும் துர்காவும் ரயிலைக் காணும் காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பியபோது மாடுகள் பூக்களை மேய்ந்திருந்தன. மறு ஆண்டு பூக்கும் பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. அபுவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, முதிய அத்தையாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை என்ற மூன்றையும் அற்புதங்கள் என்றே ராய் பின்னாளில் சொன்னார். இந்தக் கூற்றைக் காலதாமதத்துக்கான புகழுரையாகப் படிப்பவர்கள் அதை நேர்மாறாகப் படிக்கிறார்கள். பருவம், குழந்தையின் வளர்ச்சி, முதியவரின் உடல்நலம் ஆகிய மூன்றும் லைன் புரொட்யூசரின் பலகையில் முதல் வரிசையில் நிற்கும் இடர்கள். அவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும் இந்தியாவின் தலைசிறந்த படங்களுள் ஒன்று இன்று இருந்திராது என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்ததால்தான் ராய் அவற்றை அற்புதம் என்றார்.

பணியைப் பற்றிய பிழையான பார்வை பணத்தோடு நின்றுவிடாமல் உயிரையும் தொடுகிறது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகையின்போது துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். தங்குமிடம், சம்பளம், பாதுகாப்பு ஆகியவை குறித்த குறைகளைச் சொல்லிக் கேமராக் குழுவினர் பலர் அதற்குச் சில மணி நேரத்துக்கு முன்புதான் விலகியிருந்தார்கள். அம்மாநிலப் பணிப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனத்துக்கு, சட்டம் அனுமதித்த மிக உயர்ந்த அளவில், 1,36,793 டாலர் அபராதம் விதித்தது. துப்பாக்கிகளுக்குப் பொறுப்பானவருக்குப் பொருட்கள் பிரிவின் வேலையும் சேர்த்துத் தரப்பட்டிருந்ததையும், முன்பே இருமுறை துப்பாக்கி தவறி வெடித்தும் நிர்வாகம் உரிய நடவடிக்கை எடுக்காததையும் அதன் அறிக்கை குறிப்பிட்டது. ஒரு வேலைக்கு அமர்த்தப்பட்டவரின் தலையில் இன்னொரு வேலையையும் ஏற்றுவது கணக்கேட்டில் சேமிப்பாகத் தெரியும். அந்த ஏட்டில் துப்பாக்கியைச் சரிபார்க்கும் நேரம் என்று ஒரு பத்தி இருப்பதில்லை. அந்தப் பத்தியை உண்டாக்கி, அதற்கு ஆளும் நாளும் ஒதுக்குவதே லைன் புரொட்யூசரின் முதற்கடமை. செலவைக் குறைப்பவர் என்று மட்டும் அவரை மதிப்பிடும் துறை, அந்தக் கடமையைச் செய்பவரைத் தண்டிக்கிறது. சென்னைக்கு அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 2020 பிப்ரவரி 19 இரவு ‘இந்தியன் 2’ தளத்தில் கிரேன் சாய்ந்து மூவர் உயிரிழந்தபோது, பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பு யாருடையது என்ற விவாதம் விபத்துக்குப் பின்னரே பொதுவெளியில் எழுந்தது. யாரைக் குற்றம் சொல்வது என்பது இங்கே பேசுபொருள் அன்று. அத்தகைய கேள்விக்கான விடை, முதல் கிரேன் தளத்துக்குள் நுழையும் முன்பே, ஒருவருடைய பெயரோடு எழுத்தில் இருந்தாக வேண்டும்.

தமிழ்த் திரையுலகில் இதற்கு இன்னொரு மறுமொழி தயாராக இருக்கிறது: இதையெல்லாம் காலங்காலமாகப் புரொடக்‌ஷன் மேனேஜர்கள் செய்துவருகிறார்கள், புதுப்பெயர் எதற்கு என்பது. வரலாறு இதை ஆதரிக்கவில்லை. சேலத்தில் 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அங்கே நேர ஒழுங்கும் திட்டமும் புகழ்பெற்றிருந்தன. அந்த அமைப்பில் தளமும் கேமராவும் தச்சரும் தையற்காரரும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில், மாதச் சம்பளத்தில், முதலாளியின் நேர்ப்பார்வையில் இருந்தன. ஸ்டுடியோவே லைன் புரொட்யூசராகச் செயல்பட்டது என்று சொல்லலாம். 1977-ல் ‘16 வயதினிலே’ வெளிவந்த காலத்தை ஒட்டிக் கதைகள் தளத்தை விட்டுக் கிராமங்களுக்குப் போனபோது, ஸ்டுடியோ செய்துவந்த அந்த வேலை யாருக்கும் முறையாக ஒப்படைக்கப்படவில்லை. வண்டி, பேட்டா, கேட்டரிங், லொகேஷன் அனுமதி ஆகியவற்றோடு அதுவும் புரொடக்‌ஷன் மேனேஜரின் தோளில் விழுந்தது. ஆனால் நாட்களை மாற்றியடுக்கும் அதிகாரமோ, திரைக்கதை எழுதப்படும் போதே அதைப் படிக்கும் உரிமையோ அவருக்குத் தரப்படவில்லை. அதிகாரமின்றிப் பொறுப்பை மட்டும் சுமந்து, விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி அனுப்பி, இரவு பேக்கப் ஆன பிறகு கணக்கு முடித்து, தமிழ்ப்படங்களைத் தாங்கி வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பைக் காரணம் காட்டியே அவர்களுக்குரிய அதிகாரத்தை மறுப்பது பெரும் அநீதி.

வெளிநாட்டுப் படங்கள் இந்தியாவுக்கு வரும்போது மட்டும் லைன் புரொட்யூசர் என்ற பெயர் செய்திகளில் அடிபடுவதால், விசாவும் விடுதியும் ஏற்பாடு செய்பவரே அவர் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. மும்பையில் எடுக்கப்பட்ட ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, 2011 தொடக்கத்தில் புதுச்சேரியில் படமான ‘லைஃப் ஆஃப் பை’ ஆகியவற்றில் இந்தியப் பகுதியின் லைன் புரொட்யூசராகத் தப்ரேஸ் நூரானி பணியாற்றினார். ‘லைஃப் ஆஃப் பை’ கடற்காட்சிகள் தைவானின் தைச்சுங்கில் பழைய விமான நிலையம் ஒன்றில் கட்டப்பட்ட அலைத்தொட்டியில் எடுக்கப்பட்டன. ஊர் உண்மையாக இருக்க வேண்டும், கடல் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பகுப்பு அப்படத்தின் தோற்றத்தையே தீர்மானித்தது. மக்கள் நெருக்கமாக வாழும் தெருக்களில் அந்த உண்மையான பாதியை எடுத்து முடிப்பதை விடுதி ஏற்பாடு என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கு நடுவண் அரசு அளிக்கும் ஊக்கத்தொகை 2023 நவம்பரில் தகுதியுள்ள செலவில் 40 விழுக்காடு, உச்சவரம்பு 30 கோடி ரூபாய் என்று உயர்த்தப்பட்டபின் இப்பணிக்குத் தேவை கூடும். அதே பணி தமிழ்ப் படத்துக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இயக்குநரின் சுதந்திரம் பறிபோகும் என்ற கவலைக்கு, நிறைவு உத்தரவாதம் என்னும் ஏற்பாடு விடையளிக்கிறது. படம் குறித்த தொகையிலும் காலத்திலும் முடியாவிட்டால் மிகுதிச் செலவை ஏற்று முடித்துத் தருவதாக முதலீட்டாளருக்கு ஒரு நிறுவனம் அளிக்கும் உறுதி அது. 1950-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஃபிலிம் ஃபைனான்சஸ் இத்துறையின் முன்னோடி. அத்தகைய நிறுவனங்கள் திரைக்கதை, பட்ஜெட், ஷெட்யூல் மூன்றையும் இயக்குநர் படித்து, இவற்றுக்குள் தம்மால் படத்தை எடுக்க முடியும் என்று ஒப்புக்கொள்வதை வேண்டுகின்றன; பட்ஜெட்டில் ஏறத்தாழ பத்து விழுக்காடு எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. தம் ஒப்புதலோடு வகுத்த நாட்களுக்குள் வேலை செய்யும் இயக்குநர், எந்தக் காட்சிக்கு எத்தனை நாள் என்பதைத் தாமே தெரிவு செய்தவர் ஆகிறார். ஷெட்யூலே இல்லாத இயக்குநருக்குக் கிடைப்பது சுதந்திரமன்று. நடிகரின் தேதியும் வானிலையும் ஃபைனான்ஸியரின் பொறுமையும் எடுக்கும் முடிவுகளுக்கு அவர் கட்டுப்பட்டவர்.

இந்தியாவில் இந்த உத்தரவாத முறை பரவலாகவில்லை. அது பரவும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. திரைக்கதையின் இறுதி வடிவத்துக்கு முன்பே லைன் புரொட்யூசரை அமர்த்துவதும், எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டை அவர் கையெழுத்தின்றித் தொடமுடியாதபடி வைப்பதும் எந்தத் தயாரிப்பாளரும் நாளையே செய்யக்கூடியவை. உயரத்திலோ, நீரிலோ, நெருப்போடோ, ஆயுதத்தோடோ, கனரக எந்திரத்தோடோ படமெடுக்கும் நாட்களில் பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லையென்றால் படப்பிடிப்பை நிறுத்தும் உரிமையும் அவருடைய ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அப்படி நிறுத்திய நாளின் செலவு அந்த ஒதுக்கீட்டிலிருந்தே கொடுக்கப்படும் என்பதும், அதற்காக அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கப்படமாட்டாது என்பதும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.